விடையும் உண்மையும்

ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கப்பல் தலைவனின் வயது என்ன?

1970களின் இறுதியில், பிரான்சு நாட்டுக் கிரெனோபிள் நகரத்துக் கணிதக் கல்வி ஆய்வாளர்கள் இக்கேள்வியைத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் 97 பேரிடம் கொடுத்தார்கள். அவர்களுள் 76 பேர், கேள்வியில் கண்ட எண்களைக் கொண்டே தலைவனின் வயதைக் கணக்கிட்டு எழுதிவிட்டார்கள். ஆட்டுக்கும் வயதுக்கும் என்ன உறவு என்று அவர்கள் கேட்கவில்லை. ஸ்டெல்லா பாரூக் என்னும் கணித ஆசிரியை 1985இல் இக்கேள்வியையே தலைப்பாக்கி ஒரு நூல் எழுதினார்.

இதனை அறிந்தபோது நான் சிரித்தேன். எங்கோ உள்ள பிள்ளைகள்தாமே என்ற அலட்சியம் அச்சிரிப்பில் இருந்தது. அன்று மாலை என் பேத்தியை அழைத்து, “நம் வீட்டில் 6 கோழியும் 3 ஆடும் இருந்தால் உன் அத்தாவுக்கு என்ன வயது, சொல்லம்மா?” என்றேன். “ஒன்பது” என்றாள். அவளுக்கு வயது எட்டு.

“உன்னைவிட ஒரு வயதுதான் மூத்தவரா உன் அத்தா?” என்று கேட்டேன். அவள் தலை குனிந்து, “நீங்கள் கேட்டீர்களே நன்னா, அதனால் ஏதாவது விடை இருக்கும் என்று நினைத்தேன்” என்றாள்.

அந்த மறுமொழி என்னை நெடுநேரம் உறங்கவிடவில்லை. காணாததைக் கண்டதாகச் சாட்சி சொல்பவனைப் பொய்யன் என்கிறோம். தன் மனம் ஒப்பாத ஒன்றைப் பெரியவர் கேட்டார் என்பதற்காகச் சொல்லும் குழந்தையை என்னவென்பது? அவள் பொய்யள் அல்லள். ஆனால், உள்ளத்தின் ஒப்புதல் தேவைப்படாத ஒரு பேச்சுமுறையை அவளுக்குப் பழக்கிவிட்டவர்கள் நாம். அதற்குப் பணிவு என்றும் பெயர் சூட்டிவிட்டோம். பெரியவர் கேட்ட கேள்வியையே பிழையென்று சொல்லப் பிள்ளைக்கு இடங்கொடுத்தால் மரியாதை கெட்டுப்போகாதா என்று சிலர் வினவக்கூடும். பணிவோடு “இது எனக்கு விளங்கவில்லை” என்று சொல்லக் கற்றுக் கொடுப்பதில் மரியாதைக்கு என்ன குறை வந்துவிடும் என்பதே என் எதிர்வினா.

தன்னம்பிக்கை என்பதைப் பற்றியும் நாம் தவறாகவே எண்ணியிருக்கிறோம். தயங்காமல், உரக்க, முதல் ஆளாக விடை சொல்லும் பிள்ளையைத் தன்னம்பிக்கை உடையது என்கிறோம். அந்த 76 பேரும் விடை எழுதத் தயங்கியதாகத் தெரியவில்லையே! நம் முகத்தைப் பார்த்துத் தன் விடை சரியா எனத் தேடாமல், கணக்கையே மீண்டும் பார்த்துத் தேடும் பிள்ளையிடமே மெய்யான நம்பிக்கை இருக்கிறது.

என் குற்றமொன்றையும் சொல்லியாக வேண்டும். சில மாதங்களுக்கு முன் அவள் 52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதியிருந்தாள். “கவனம் எங்கே போயிற்று?” என்று கடிந்தேன். அவள் கவனமாகவே இருந்திருக்கிறாள். சிறியதைப் பெரியதிலிருந்துதான் கழிக்கவேண்டும் என்று முதல் வகுப்பில் கற்றதை மறவாமல், 7இலிருந்து 2ஐயும் 5இலிருந்து 2ஐயும் கழித்திருக்கிறாள். ஜான் சீலி பிரௌன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1978இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைகளின் கழித்தல் பிழைகளுள் பல இத்தகையவையே என்று காட்டினார்கள். அவை கவனக்குறைவால் வருவன அல்ல; பிழையான ஒரு விதியை ஒழுங்காகப் பின்பற்றுவதால் வருவன. ஒழுங்காக நடந்தவளை ஒழுங்கீனத்திற்காகக் கடிந்துகொண்டேன் நான்.

பள்ளியில் சொல்லித்தரும் ‘கடன் வாங்குதல்’ என்ற சொல்லும் அவளைக் குழப்பியிருந்தது. வாங்கிய கடனைத் திருப்பித் தராத வழக்கம் இக்கணக்கில் மட்டுமே உண்டு போலும்! விளக்குமாற்று ஈர்க்குகளை ஒடித்துப் பத்துப் பத்தாகக் கட்டினோம். ஐந்து கட்டும் இரண்டு குச்சியும். ஏழு குச்சிகளை எடுக்கச் சொன்னேன். சிறிது விழித்துவிட்டு, ஒரு கட்டை அவிழ்த்தாள். “இது கடனில்லையே நன்னா, நம்முடையதுதானே” என்றாள். மிஞ்சியது 25. பின்பு தானாகவே பழைய விடையான 35ஐயும் 27ஐயும் கூட்டி, 62 வருவதைக் கண்டு, அதை அடித்துவிட்டாள். நான் வாய் திறக்கவில்லை. அதுதான் அன்று நான் செய்த பெரிய வேலை; எளிதன்று.

வாய்பாடு வேண்டாமென்று சொல்ல வரவில்லை. வாய்பாடு மனத்தில் நின்றால் சிந்தனைக்குச் சுமை குறையும். ஆயினும் அது கருவி மட்டுமே.

சென்ற மாதம் பால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர், 30 நாள். 40 லிட்டர் என்று எழுதினேன். அருகிலிருந்தவள், “இரண்டு நாளைக்கு மூன்று லிட்டர் நன்னா. அப்படிப் பதினைந்து தடவை. ஒத்து வரவில்லையே” என்றாள். மருமகள் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். எழுபது வயதில் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்ததை மறைப்பதற்கில்லை. பென்சிலை அவள் கையில் கொடுத்தேன்.