புறப்படும் இடத்தில் நேரும் பிழை

ஒருவனை அவனுக்குரிய கூட்டத்தில் நிறுத்தாமல் வேறொரு கூட்டத்தில் நிறுத்தி ஓடச் சொன்னால், அதனால் உண்டாகும் நஷ்டம் யாரைச் சேர்ந்தது? இது விளையாட்டுக்காரர்களின் கேள்வியாயிற்றே என்று நமது வியாபாரச் சகோதரர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சரக்கைத் தரம் பிரித்து, நிறுத்து, விலை சொல்லி விற்கும் நமக்கு இதில் பேச நிரம்ப விஷயமிருக்கின்றது.

நீந்துதல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்காமல் செய்து முடிக்கும் போட்டிக்கு டிரையத்லான் என்று பெயர். 2000-ஆம் வருஷம் சிட்னி ஒலிம்பிக்கில் இது முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அங்கே 1.5 கிலோ மீட்டர் நீந்தி, 40 கிலோ மீட்டர் சைக்கிள் மிதித்து, 10 கிலோ மீட்டர் ஓட வேண்டும். அதே வருஷம் நமக்கு அண்மையிலுள்ள லங்காவியில் தொடங்கிய அயர்ன்மேன் போட்டியில் இந்தக் கணக்கு 3.8, 180, 42.2 என்று ஏறிவிடுகிறது. கல்லாவில் உட்கார்ந்து பழகிய நமக்குக் கேட்கும்போதே கால் வலிக்கிறது!

நூற்றுக்கணக்கானவர்களை ஒரே சமயத்தில் கடலில் இறக்கினால் ஒருவர் முகத்தில் ஒருவர் உதைத்துக்கொள்வார்கள். ஆகையால் வயதைப் பார்த்தோ வேகத்தைப் பார்த்தோ கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இடைவெளி விட்டு அனுப்புகிறார்கள். காலில் கட்டிய சிறு கருவி ஒவ்வொருவரின் நேரத்தையும் தனித்தனியே குறித்துக்கொள்கிறது. சில போட்டிகளில் 'நீ எத்தனை நிமிஷத்தில் நீந்துவாய்?' என்று அவனையே கேட்டு, அவன் வாய்ச்சொல்லை நம்பி நிறுத்துவதும் உண்டு.

நேரம் தனித்தனியே குறிக்கப்படுகிறதே, எந்தக் கூட்டத்தில் நின்றால் என்ன என்று சிலர் கேட்பார்கள். இது பாதி நியாயந்தான். வேகமாக நீந்துகிறவனை மெதுவான கூட்டத்தில் போட்டால் முன்னே வழியடைத்துக்கொண்டிருப்பார்கள். மெதுவானவனை வேகமான கூட்டத்தில் போட்டால் அவன் மேலேயே நீந்திப் போவார்கள். இவற்றைவிடப் பெரியது மற்றொன்று. பந்தயம் என்பது கடிகாரத்தோடு மட்டும் ஓடுவதல்ல. எதிராளி எங்கே வருகிறான் என்று பார்த்துத்தான் மனிதன் தன் கடைசி மூச்சையும் செலவிடுகிறான். எதிரிக் கடையின் விலை தெரியாமல் நாம் விலை வைப்போமா?

இதற்கு 2008 அக்டோபரில், ஒரு வார இடைவெளியில், அமெரிக்காவில் இரண்டு நிகழ்ச்சிகள் சாட்சியாயின. சிகாகோ மாரத்தானில் கென்யா நாட்டு வெஸ்லி கோரிர் என்பவர், அழைக்கப்பட்ட முதல்தர வீரர்களோடு நிற்காமல், ஐந்து நிமிஷம் கழித்துப் புறப்பட்ட பொதுஜனங்களோடு நின்றார். முடிவில் கணக்குப் பார்த்தால் அவருடைய நேரம் நான்காவது ஸ்தானத்துக்கு உரியதாக இருந்தது. நடத்தியவர்கள் அதற்குரிய பரிசுப் பணத்தை அவருக்குக் கொடுத்தார்கள். அவர் பின்னர் 2012-இல் பாஸ்டன் மாரத்தானிலேயே முதலாவதாக வந்து, 2013-இல் தம் நாட்டுப் பாராளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மற்றொன்று சான் பிரான்சிஸ்கோவில் பெண்களுக்காக நடந்த மாரத்தான். நியூயார்க்கைச் சேர்ந்த ஓர் ஆசிரியை, தம்மை அவ்வளவு வேகமானவராக எண்ணாமல், பொதுக்கூட்டத்தில் பெயர் கொடுத்தார். இருபது நிமிஷம் முன்னே புறப்பட்ட முதல்தரப் பெண்களில் வெற்றி பெற்றவரைவிட, இவருடைய நேரம் பதினொரு நிமிஷம் குறைவு! ஆயினும் வெற்றி அவருக்கில்லை என்றார்கள். முன்னே ஓடியவருக்குப் பின்னால் ஒருவர் துரத்தி வருவது தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் வேகமாக ஓடியிருப்பார் என்பது அவர்கள் வாதம். ஜனங்கள் கோபித்துக்கொண்டார்கள். நாமோ அந்த வாதத்தைத் தள்ளிவிட மாட்டோம். முன்னே ஓடியவரும் ஏமாற்றியவரல்லவே! அவரிடமிருந்து பிடுங்கி மற்றவருக்குக் கொடுத்தால், ஓர் அநியாயத்தைத் துடைக்க இன்னோர் அநியாயம் செய்ததாகும். இறுதியில் நடத்தியவர்கள் ஆசிரியையும் வெற்றியாளர்தாம் என்று ஒப்புக்கொண்டு, அவருக்கும் அதே பரிசைத் தனியே கொடுத்தார்கள். தராசைப் பிடித்தவன் கைதவறினால் நஷ்டம் தராசுக்காரனுடையது. அடுத்த வாடிக்கைக்காரர் பையிலிருந்து எடுத்து ஈடுகட்டலாகாது. இதை நமது முன்னோர் கடைத்தெருவிலேயே கற்றிருக்கிறார்கள்.

ஆனால் கடுமையான விதி வேறு, பிழை வேறு. 2021-இல் டோக்கியோவில் நடந்த மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில், சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டினார். செயற்கைக் கால் வைத்துத் தாண்டுகிறவர்களும், அஃதின்றித் தாண்டுகிறவர்களும் ஒரே போட்டியில் நிறுத்தப்பட்டார்கள். அமெரிக்க வீரர் 1.88 மீட்டர், மாரியப்பன் 1.86, வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. இரு வகுப்பையும் சேர்த்தது நல்லதா என்று தர்க்கிக்கலாம். ஆனால் முன்னமே எல்லோருக்கும் அறிவித்துச் செய்ததை ஏமாற்று என்று சொல்ல முடியாது.

அதே டோக்கியோவில் நமது மலேசியாவுக்கு நேர்ந்ததுதான் மனத்தை அறுக்கிறது. ஆகஸ்டு 31, நமது சுதந்திர தினம். முகம்மது ஜியாத் ஸுல்கிஃப்லி குண்டு எறிதலில் 17.94 மீட்டர் எறிந்து உலக சாதனை செய்தார். அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான வகுப்பு அது. போட்டிக்கு முன் ஆஜராக வேண்டிய அறைக்கு அவரும் வேறிருவரும் பிந்தி வந்தார்கள் என்று உக்ரேன் தரப்பு முறையிட, மூவரும் போட்டியில் இறங்காதவர்களாகவே கணக்கிடப்பட்டார்கள். தங்கம் உக்ரேன் வீரருக்குப் போயிற்று. மலேசியாவின் மேல்முறையீடும் தள்ளப்பட்டது. அறிவிப்பு காதில் விழவில்லை, அதன் பாஷை புரியவில்லை என்று வீரர்கள் தரப்பில் கூறப்பட்டதாம்.

பிறகு ஏன் எறிய விட்டார்கள்? பிந்தியதற்குத் தக்க காரணம் இருந்தால் அவர்கள் வாய்ப்பு வீணாகக் கூடாதே என்றுதான். நாமும் சந்தேகமான சரக்கு வந்தால் ரசீதில் 'பின்னர் சரிபார்க்கப்படும்' என்று எழுதி இறக்கிக்கொள்கிறோமல்லவா? முறையில் குற்றமில்லை. ஆனால் இப்படி எழுதியிருக்கிறோம் என்பதை எதிரே நிற்பவருக்கு அவர் பாஷையில், அவருக்கு விளங்கும்படி சொல்ல வேண்டிய கடமை நம்முடையது. யாருக்காக அந்த வகுப்பே ஏற்படுத்தப்பட்டதோ, அவர்களுக்கு விளங்காத அறிவிப்பை அறிவிப்பென்று எப்படிச் சொல்வது? ஜியாத் மனம் ஒடிந்துவிடவில்லை. 2024-இல் பாரிசுக்குச் சென்று வெள்ளி வாங்கி வந்தார்.

இதுவரை நஷ்டப்பட்டவனைப் பற்றிப் பேசினோம். தவறான இடம் லாபமாக முடிந்தால்?

நமது கடைக்கு அடுத்த தெருவில் மளிகை வைத்திருக்கும் அன்பர் ஒருவரின் மகன், இருபத்து நான்கு வயதுப் பிள்ளை, ஒரு சிறு டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்திருந்தான். பிறந்த வருஷம் தவறாகப் பதிவாகி, ஐம்பது கடந்தவர்களோடு நிறுத்திவிட்டார்கள். புறப்படுமுன்பே சொல்லியிருக்கிறான். "நேரமில்லை, ஓடு தம்பி, கணக்கைப் பின்னால் சரிசெய்துகொள்வோம்" என்று பதில். சரிசெய்யவில்லை. முதற்பரிசுக் கோப்பை அவன் கைக்கு வந்துவிட்டது.

அன்றிரவு கடையில் இதே பேச்சு. பிள்ளைதான் முன்னமே சொல்லிவிட்டானே, அவன் மேல் என்ன பாவம் என்றார்கள் சிலர். "சொன்னதால் பழி தீர்ந்தது, கோப்பை இவனுடையதாகிவிட்டதா?" என்று கேட்டார் அத்தா. அவர் கேட்டது சரியென்பதே நமது அபிப்பிராயம். மொத்த வியாபாரி பட்டியலில் ஒரு பெட்டியை விட்டுவிட்டால், நாம் போன் போட்டுச் சொல்லியும் அவர் திருத்தாமலிருந்தால், நம் மேல் பழியில்லை, பெட்டியோ அவருடையதுதான். இங்கே இன்னும் ஒருபடி மேல். கோப்பைக்கு உரியவர் நடத்தியவர்கள்கூட அல்லர். இரண்டாவதாக வந்த ஐம்பது வயதுக்காரர், யாரோ ஒரு முதியவர் தம்மை ஜெயித்துவிட்டார் என்றெண்ணி வீட்டுக்குப் போய்விட்டாரே, அவருடையது.

மறுநாள் பையன் கோப்பையைத் திருப்பிக் கொடுக்கப் போனான். முடிவுகள் அனுப்பியாயிற்று, வைத்துக்கொள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். முடிவுப் பட்டியலில் இரண்டாமவரின் பெயர் இருக்கிறது, விலாசமில்லை. அத்தாவும் மகனும் இப்போது அவரை விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள். பட்டர்வொர்த் பக்கம் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார்.