எண்ணுவதற்கு ஓர் ஆள்

பெர்சனல் ட்ரெய்னர் வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்பது வெறும் பணக்கணக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். விருதுநகரில் நான் போகும் ஜிம்மில் மாதச் சந்தா 1,000 ரூபாய். தனியாக ஒருவர் கூட நின்று சொல்லித்தர வேண்டுமென்றால் மேலே 4,000. போன மாதப் பரிசோதனையில் என் மூன்று மாதச் சர்க்கரை சராசரி 6.1 என்று வந்தது. 6.5-ஐத் தொட்டால் நீரிழிவு. அப்பாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. அவருடைய மாத்திரைச் சீட்டைப் பார்த்தவனுக்கு 4,000 பெரிய தொகையாகத் தெரியாது. கணக்கு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. இரண்டு வாரம் ஆகியும் முடிவு மட்டும் வரவில்லை. அப்படியானால் என்னைத் தடுத்தது பணம் இல்லை.

அம்மாவுக்கு அதில் குழப்பமே கிடையாது. "காசு குடுத்து உடம்ப நோகடிப்பாங்களாக்கும்?" என்றாள். ஆமத்தூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் தெருவில் இது நியாயமான கேள்வி. காலையில் பட்டாசு ஆலை வேன் வந்து நிற்கும். தூக்குவாளியோடு பெண்கள் ஏறுவார்கள். நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து குழாய் சுருட்டுவதும், திரி வைப்பதும், பெட்டியில் அடுக்குவதும் அவர்கள் வேலை. பலருக்கு எண்ணிக்கைக் கூலி. எத்தனை முடித்தார்களோ அவ்வளவு பணம். அதே நேரத்தில் நான் பைக்கை எடுத்துக்கொண்டு ஜிம்முக்குப் போகிறேன். அங்கேயும் எண்ணிக்கைதான். "எட்டு, ஒம்போது, இன்னும் ஒண்ணுண்ணே." அவர்கள் எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறார்கள், நான் எண்ணுகிறவருக்குக் கூலி கொடுக்க யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த ஒப்பீடு எல்லாருக்கும் தோன்றக்கூடியதுதான். ஆனால் அதிலிருந்து நேராகக் குற்றவுணர்ச்சிக்குப் போனால் எதுவும் தெளியாது. நான் ட்ரெய்னர் வைக்காவிட்டால் வேனில் போகிறவர்களுக்கு ஒரு ரூபாயும் கூடப்போவதில்லை. தவிர, எனக்குச் சொல்லித்தர இருக்கும் தம்பியின் அம்மா அதே மாதிரி ஒரு வேனில்தான் வேலைக்குப் போகிறார். அந்த 4,000 போய்ச் சேரும் வீடு அது. எனவே குற்றவுணர்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு, நான் உண்மையில் எதை விலைக்கு வாங்கப் போகிறேன் என்று கேட்டுப் பார்த்தேன்.

மூன்று பொருள்கள் ஒரே கட்டணத்தில் வருகின்றன. ஒன்று, அறிவு. இரண்டு, கண். மூன்று, பதில் சொல்லியாக வேண்டிய ஓர் ஆள்.

அறிவு இலவசமாகவே கிடைக்கிறது. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி, இரண்டு நாளாவது தசைகளுக்கு வேலை என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னதை யாரும் படித்துவிடலாம். யூட்யூபைத் திறந்தால் ஆயிரம் பேர் செய்து காட்டுகிறார்கள். இதற்கு மட்டும் யாரும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கண் வேறு விஷயம். இதை எனக்குப் புரியவைத்தது ஜிம் இல்லை, பட்டாசு ஆலை. அங்கே ஃபோர்மேன் என்று ஒருவர் உண்டு. அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பதையெல்லாம் அவர்தான் கவனிக்க வேண்டும். விபத்து நடந்தால் வழக்கில் அவர் பெயரும் சேரும். வேலை செய்கிறவர்கள் சோம்பேறிகள் என்பதற்காக வைத்த ஆள் இல்லை அவர். கை வேலையில் இருக்கும்போது, பக்கத்தில் என்ன சேர்ந்துகொண்டிருக்கிறது என்று அந்தக் கைக்குரியவருக்கே தெரியாது. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் 35-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இந்தப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இன்னொரு கண் எதற்கு என்று விளக்க வேண்டியதில்லை.

டெட்லிஃப்டில் முதுகு வளைவது தூக்குகிறவனுக்குத் தெரியாது. பட்டாசோடு ஒப்பிட இது சின்ன ஆபத்துதான், ஆனால் காரணம் ஒன்றே. செய்கிறவரால் பார்க்க முடியாத தவறு இருக்கும் இடத்தில் இன்னொருவரை நிறுத்துவது நியாயம்.

சிக்கல் மூன்றாவதில். "அண்ணே, கெளம்பிட்டீங்களா?" என்று காலை ஐந்தரைக்கு வரப்போகும் போன். பலர் ட்ரெய்னருக்குப் பணம் கட்டுவது இதற்காகத்தான். நாளைய நாம் இன்றைய நம்மைவிட ஒழுங்கானவராக இருப்போம் என்ற நம்பிக்கை எல்லாருக்கும் உண்டு. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிகே மால்மெண்டியர் என்ற இரு பொருளியலாளர்கள் 2006-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் 7,700-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களைப் பார்த்தார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு நான்கு தடவைக்குச் சற்று அதிகமாகவே போயிருந்தார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு தடவையும் 10 டாலர் கொடுத்தே போயிருக்கலாம். நல்லது எதுவென்று தெரிந்தும் செய்யாமல் போவதைப் பற்றி அரிஸ்டாட்டில் அக்ராசியா என்று பெயர் சொல்லி யோசித்தார். அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் காலைப் போன் விற்கப்படுகிறது.

அதை வாங்கினால் வேலை செய்யுமா? இஸ்ரேலின் ஹைஃபா நகரத்தில் குழந்தைகள் காப்பகங்களில் நடந்த சோதனை ஒன்று உண்டு. யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிகினி இருவரும் 2000-இல் வெளியிட்டது. பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு அபராதம் விதித்தார்கள். தாமதம் கூடியது. அதுவரை 'டீச்சர் நமக்காகக் காத்திருக்கிறாரே' என்ற உறுத்தல் இருந்தது. அபராதம் வந்ததும் அது கட்டணமாகிவிட்டது.

ட்ரெய்னரிடமும் இதே ஆபத்து. அவர் ஐந்து மணிக்கே எழுந்து எனக்காக வந்து நிற்கிறார் என்ற நினைப்புதான் என்னைப் படுக்கையிலிருந்து கிளப்பும். 'அதான் காசு குடுத்துட்டோம்ல' என்று ஒரு நாள் தோன்றிவிட்டால், போர்வையை இழுத்துக்கொள்ளலாம்.

அதற்காக, தன்னந்தனியாக மன உறுதியோடு எழுகிறவன்தான் நேர்மையானவன் என்றும் சொல்ல மாட்டேன். வேனில் ஏறுகிற அக்காக்கள் தினமும் விடியுமுன் எழுகிறார்கள். அதை யாரும் சுயகட்டுப்பாடு என்று பாராட்டுவதில்லை. வேன் நிற்கும், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டணும், அதனால் எழுகிறார்கள். நம்மில் பெரும்பாலோர் யாருக்காவதுதான் எழுகிறோம். பிள்ளை பெற்ற பிறகோ, நோயிலிருந்தோ, மனச்சோர்விலிருந்தோ மீண்டு வருகிறவருக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஆள் வேண்டும். அந்த ஆள் சம்பளத்துக்கு வந்தால் என்ன குறை? மூன்றாவது பொருளை வாங்குவது தவறில்லை. வாங்கிய பிறகு, விற்றவர் ஒரு மனிதர் என்பதை மறந்துவிடுவதுதான் தவறு.

இன்னொன்றும் இருக்கிறது. ஆலையில் ஃபோர்மேனின் கண் நிதானம் கேட்கிறது, எண்ணிக்கைக் கூலி வேகம் கேட்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கின்றன. ஜிம்மிலும் அப்படியே. நல்ல ஆசான் என்றால் ஒரு கட்டத்தில் நமக்கு அவர் தேவைப்படக் கூடாது. ஆனால் நான் அவரைச் சார்ந்திருக்கும்வரைதான் அவருக்கு வருமானம். சிவகாசிக்குத் தீப்பெட்டித் தொழில் வந்ததே இரண்டு பேர் கற்றுக்கொண்டு திரும்பியதால்தான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குப் போனார்கள், தொழிலைக் கற்றார்கள், ஊருக்கு வந்து தாங்களே செய்தார்கள். கற்றல் என்றால் அதற்கு ஒரு திரும்பும் தேதி இருக்க வேண்டும்.

ஆகவே என் முடிவு இது. மூன்று மாதம், வாரத்தில் இரண்டு நாள். கட்டணம் முழுசாக. என் முதுகை நானே கவனிக்கக் கற்றுத்தருவதுதான் அவர் வேலை. மற்ற நாட்களில் அப்பாவோடு நடை. என்னை எழுப்ப அவர் போன் செய்ய வேண்டாம். வர முடியாவிட்டால் முந்தின இரவே நான் சொல்லிவிடுவேன், அந்தக் காலைத் தூக்கமாவது அவருக்கு மிஞ்சட்டும்.

தம்பியிடம் இதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்தார்.

"மூணு மாசத்துல நீங்களே கரெக்டா போட்ருவீங்கண்ணே. ஆனா போகும்போது ஒங்கள மாதிரி ரெண்டு பேரச் சேத்து விட்டுட்டுப் போங்க."

என் விடுதலைக்கு அவர் வீட்டில் ஒரு விலை இருக்கிறது என்பதை நான் எழுதிய கணக்கில் சேர்த்திருக்கவில்லை. இப்போது சேர்த்துக்கொண்டேன்.