67 வயதில் ஒரு தொடக்கம்

1954-ஆம் ஆண்டு சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கியபோது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கு வயது 67. மருத்துவப் பட்டம், சட்டமன்றப் பணி, தேவதாசி முறை ஒழிப்பு, ஆதரவற்ற பெண்களுக்கான அவ்வை இல்லம் என ஒரு பிறவிக்குப் போதுமான வேலைகளை அவர் ஏற்கெனவே செய்திருந்தார். ஆனாலும், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் பல ஆண்டுகளாக அவர் மனத்தில் ஒரு கடமையாகவே இருந்துவந்தது. வெறும் 12 படுக்கைகளோடு அதை நிறைவேற்றத் தொடங்கினார்.

மறு ஆண்டு அங்கே பணியில் சேர்ந்தவர் டாக்டர் வி. சாந்தா. 78 வயதில் அவருக்கு மகசேசே விருது வந்தது. அதற்குப் பிறகும் அவர் ஓய்வை நாடவில்லை. 2021-இல் 93 வயதில் மறையும்வரை நோயாளிகளின் நலனே அவர் நினைப்பாக இருந்தது.

முதுமையில் உடல் தளர்வது இயற்கை. 'இனி நமக்கென்ன வேலை' என்ற எண்ணமோ நாமே வரவழைத்துக்கொள்வது. நம்மை எதிர்பார்த்து ஒருவர் இருக்கிறார் என்றால், காலையில் எழுந்திருக்க அதுவே போதுமான காரணம்.

மருத்துவமனை கட்ட எல்லோராலும் முடியாது. தெருப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தர, எழுதத் தெரியாதவருக்கு மனு எழுதித்தர, தனித்திருக்கும் நண்பரைப் போய்ப் பார்த்துவர முடியும். எப்போதாவது செய்யலாம் என்று நீங்கள் ஒதுக்கிவைத்த நல்ல காரியம் ஒன்று இருக்கும். அதை இன்றே கையில் எடுங்கள்.