கழிவு நீக்கும் பணியும் கொல்லாமை அறமும்

நம் இல்லங்களிலே எழக்கூடிய ஒரு வினாவை இவ்விதழ் வாசகர்கள்முன் வைக்க விழைகிறோம். வேதியியலும் சுற்றுச்சூழற் பொறியியலும் பயின்று வெளிவரும் நம் பிள்ளைகளுக்குத் தோல் பதனிடும் தொழிலின் கழிவுகளை ஆராயும் பணி வாய்க்கலாம். கழிவுநீரிலிருந்து குரோமியத்தை மீட்டெடுப்பது, சதைச் சீவல்களிலிருந்து எரிவாயு எடுப்பது, தேங்கிய கசடுகளைப் பயன்படு பொருளாக்குவது முதலியன அப்பணியின் கூறுகள். "கொலையின்வழி வந்த பொருளைத் தொடும் தொழிலுக்கு நம் வீட்டுப் பிள்ளை போவதா?" என்று பெரியோர் தயங்குவர். "அழுக்கை அகற்றுவது எங்ஙனம் பாவமாகும்?" என்று இளையோர் கேட்பர். இரு சாராரும் அறத்தையே முன்னிறுத்திப் பேசுவதால், இவ்வினா எளிதில் தள்ளிவிடத் தக்கதன்று.

இது நமக்குத் தொலைதூரத்துச் செய்தியும் அன்று. ஆரணி, போளூர், வந்தவாசி, செய்யாறு வட்டாரங்களில் நம் ஊர்கள் பல உள்ளன. அவற்றுக்கு வடக்கிலும் மேற்கிலுமாகப் பாலாற்றுப் படுகையில் இராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் பதனிடும் ஊர்கள் உள்ளன. அவர்கள் நிலத்தடியில் இறங்கும் நஞ்சு பாலாற்றுப் படுகையின் நீரைக் கெடுக்கிறது. அந்நீரை நம்பி வாழ்வோருள் நம் உறவினரும் உண்டு.

ஆசிரியப் பயிற்சிக் காலத்திலே எமக்குக் கற்பிக்கப்பட்ட முதல் நெறி, தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்லுக என்பது. ஆகவே நம் அனைவர்க்கும் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம். நாம் நீரை வடிகட்டிப் பருகும் மரபினர். வடிகட்டுவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. துணியில் தங்கிய சிற்றுயிர்களை, நீர் எடுத்த அதே நீர்நிலையில் மெல்ல விடவேண்டும் என்று நம் முன்னோர் விதித்தனர். நமக்கு வேண்டிய தூய நீர் கிடைத்துவிட்டது, எஞ்சியது எக்கேடு கெட்டால் என்ன என்று அவர்கள் எண்ணவில்லை. எடுத்துக்கொண்டவன் எஞ்சியதற்கும் பொறுப்பாளி என்பதே அவ்வழக்கத்தின் உட்பொருள். இப்போது அந்த எஞ்சிய பொருளைத் தொழிற்சாலை அளவில் வைத்துப் பார்ப்போம்.

முற்காலத்திலே நம் நாட்டில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டனர். 1970-களில் அரை பதனிட்ட தோலைவிட முழுதும் பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதை அரசு ஊக்குவித்தது. அதன்பின் குரோமிய உப்பைக் கொண்டு பதனிடும் முறை விரைந்து பரவியது. சுழலும் பெரிய மரப் பீப்பாயில் தோலையும் குரோமியக் கரைசலையும் இட்டு உருட்டுவர். வழக்கமான முறையில் இடப்படும் குரோமியத்தில் ஏறத்தாழ 60 முதல் 70 விழுக்காட்டையே தோல் ஏற்கிறது. மற்றது கழிவுநீரோடு வெளியேறுகிறது. தோல் அழுகாதிருக்க இட்ட உப்பும் அதனோடு சேர்கிறது. ஒருபுறம் இந்நீர் ஏரிகளிலும் ஆற்றிலும் விடப்பட்டது. மறுபுறம் கிணறுகள் உவர்த்தன.

இது குறித்து வேலூர் மக்கள் நல அமைப்பொன்று 1991-இல் உச்சநீதிமன்றத்தை நாடியது. 1996 ஆகஸ்டு 28-இல் வந்த தீர்ப்பில், இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போயிற்று என்னும் ஆய்வுச் செய்தி எடுத்துக்காட்டப்பட்டது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்னும் நெறியும் அதில் வலியுறுத்தப்பட்டது. எனினும் துயர் தீர்ந்தபாடில்லை. 2025 ஜனவரி 30-இல் இதே பகுதியைக் குறித்து உச்சநீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது.

இனி மீட்பு முறையைக் காண்போம். சென்னை அடையாற்றில் 1948-இல் நிறுவப்பெற்ற மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தார் இத்துறையில் நெடுங்காலம் உழைத்துள்ளனர். பதனிட்டபின் எஞ்சும் குரோமிய நீரைத் தனியே பிரித்துச் சேர்க்க வேண்டும். அதில் மக்னீசியம் ஆக்சைடு இட்டால் குரோமியம் படிவாகத் தங்கும். தெளிந்த நீரை இறுத்துவிட்டு, அப்படிவைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மீண்டும் பதனிடுதற்குரிய கரைசல் கிட்டும். நஞ்சாய்ப் போகவிருந்தது பொருளாய்த் திரும்புகிறது.

இம்முறை வேதியியலறிஞர் ஒருவரால் மட்டும் நடைபெறுவதன்று என்பதைக் கவனிக்க வேண்டும். குரோமிய நீர் பிற கழிவுநீரோடு கலந்துவிட்டால் மீட்பது அரிதாகிவிடும். எனவே முதலாளி தனி வாய்க்கால் அமைக்க வேண்டும். பீப்பாயைத் திறக்கும் தொழிலாளி உரிய நேரத்தில் உரிய வழியில் நீரை விட வேண்டும். கிணற்று நீர் எவ்வாறு மாறுகிறது என்பதை உழவர் அறிவிக்க வேண்டும். பலர் கூடிச் செய்யும் ஆராய்ச்சி என்பது இதுவே. இவர்களுள் ஒருவர் விலகினாலும் ஏனையோர் உழைப்பு வீணாகும்.

இனிப் பெரியோர் தயக்கத்துக்கு வருவோம். வினை நம்மைப் பற்றுவது செய்தலால் மட்டுமன்று. செய்வித்தலாலும் உடன்படுதலாலும் பற்றும் என்பது நம் அறநூல்களின் தெளிவு. தோல் தொழிலுக்கு உதவும் எப்பணியும் அத்தொழிலுக்கு உடன்படுதல் ஆகாதோ? மீட்ட குரோமியத்தால் முதலாளிக்குச் செலவு குறையும். செலவு குறைந்தால் தொழில் செழிக்கும். தொழில் செழித்தால் தோலுக்குத் தேவை பெருகும். இவ்வாதம் வலிமையுடையது. இதை வெறும் பழமைவாதம் என்று ஒதுக்குவது நேர்மையாகாது.

இதைவிட நுட்பமான ஓர் இடர்ப்பாடும் உண்டு. தோல் தொழிலார் தம்மைக் குறித்தே என்ன கூறுகின்றனர்? "விலங்கு இறைச்சிக்காகக் கொல்லப்படுகிறது, அங்கே வீணாகும் தோலைத்தான் நாங்கள் பயன்படுத்துகிறோம்" என்கின்றனர். அதாவது அவர்களும் கழிவைப் பயன்படு பொருளாக்குவோரே! ஆனால் அத்தோலுக்குக் கிடைக்கும் விலை கொல்பவனுடைய வருவாயில் ஒரு பங்காகிறது. அங்கே வெட்டியெறியும் தோல் துண்டுகளிலிருந்து ஜெலட்டின் எடுக்கின்றனர். ஜெலட்டின் மருந்துக் குளிகைகளின் உறையாக நம் வீடுகளுக்கே வந்துசேர்கிறது. ஆகவே கழிவுக்கு மதிப்பு உண்டாக்குவது தன்னளவிலேயே அறம் என்று கொண்டால், எந்தக் கொடுமைக்கும் அது திரையாகிவிடும்.

அங்ஙனமாயின் எதைக் கொண்டு வேறுபாடு காண்பது? எமக்குத் தோன்றும் அளவுகோல் ஒன்றே. நாளை இக்கழிவு வருவது நின்றுவிட்டால், இப்பணியைச் செய்பவர் மகிழ்வாரா, வருந்துவாரா? தோல் துண்டை வாங்கிப் பண்டமாக்கி விற்பவருக்கு அது நின்றால் பிழைப்பு நிற்கும். அவர் அக்கழிவுக்கு வாடிக்கையாளராகிவிட்டார். தாம் அறியாமலே கொலைக்களத்தின் பங்காளியுமாகிவிட்டார். நஞ்சு நீரை ஆராய்பவரோ, நஞ்சே வராத நாளை நோக்கி உழைப்பவர். மருத்துவர் நோயோடு பழகுவது நோய்க்கு உடன்படுதல் ஆகாதல்லவா?

இவ்வளவுகோல் கற்பனையன்று என்பதற்கு அவ்வாராய்ச்சியின் போக்கே சான்று. அந்நிலையத்தார் மீட்பதோடு நின்றுவிடவில்லை. பதனிடும் கட்டத்தில் நீரே சேர்க்காமல், குரோமியம் மிகுதியும் தோலிலேயே தங்குமாறு செய்யும் முறையையும் உருவாக்கியுள்ளனர். அம்முறை பரவுமிடத்து மீட்புக் கூடத்துக்கு வேலை குறையும். தம் முந்தைய வேலையைத் தாமே குறைத்துக்கொள்ளும் ஆராய்ச்சி, நோக்கம் தூய்மையுடைய ஆராய்ச்சி என்போம்.

விலகி நிற்பதால் மட்டும் கொல்லாமை நிறைவேறிவிடுமா என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். இராணிப்பேட்டையில் குரோமிய வேதிப்பொருள் செய்துவந்த ஆலையொன்று 1990-களில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற கழிவு லட்சம் டன்னுக்கும் மேற்பட்டது. தோலில் ஏறும் குரோமியத்தைவிடப் பன்மடங்கு கொடியதும், புற்றுநோய் விளைவிக்க வல்லதுமான குரோமியம் அதிலிருந்து மழைதோறும் மண்ணில் இறங்கியது. பழைய குரோமியத்தை மீட்டுப் பயன்படுத்தும் அளவுக்குப் புதிதாகச் செய்ய வேண்டிய தேவை குறைகிறது. இத்தகைய குவியல் வளர்வதும் குறைகிறது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் அதே ஊரின் தொழிற்பேட்டையில், கழிவுச் சேறு தேக்கிவைத்த தொட்டியின் சுவர் இடிந்தது. அருகில் உறங்கிக்கொண்டிருந்தவர் பத்துப் பேர் சேற்றில் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பிழைப்புக்காக மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர். அந்தச் சேற்றை என் செய்வது என்று அறிந்து முடித்திருந்தால் அப்பத்து உயிரும் பிழைத்திருக்கும். நீரை உடலாகவும் மண்ணை உடலாகவும் கொண்ட ஓரறிவுயிர்களுக்கும் இரங்கும் நாம், இவற்றை அயலார் பாவம் என்று பார்த்துக்கொண்டிருத்தல் தகுமா?

இன்றும் தீராத சிக்கல்கள் உள. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீரைக் காய்ச்சி வற்றச் செய்தபின் எஞ்சும் கலப்பு உப்பு, பயன்படுத்தவும் இயலாமல் எறியவும் இயலாமல் குவிந்து கிடக்கிறது. குரோமியத்துக்குக் கண்ட வழியை உப்புக்குக் காண்பதற்கு அறிவும் இரக்கமும் ஒருங்குடையோர் வேண்டும். அத்தகைய பிள்ளைகள் நம் வீடுகளில் வளர்கிறார்கள்.

ஆகவே எம் முடிபு இது. நஞ்சைத் தடுக்கவும் குறைக்கவும் செய்யும் ஆராய்ச்சிக்கு நம் பிள்ளைகள் செல்லலாம். செல்வது அறத்துக்கு இழுக்கன்று. ஆனால் மூன்று காப்புகளோடு செல்ல வேண்டும். கொலையால் வரும் பொருளை வாங்கி விற்கும் வாணிகமாக அப்பணி மாறுமிடத்து விலகிவிட வேண்டும். தூய்மை செய்யப்பட்டதால் அத்தொழிலே தூய்மையாகிவிட்டது என்று ஒருபோதும் சான்று வழங்கலாகாது. மேற்சொன்ன வினாவை ஆண்டுதோறும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையை அப்பணிக்கு அனுப்பலாமா என்று ஆராயும் அதே வேளையில், வாயிலில் கிடக்கும் செருப்பையும் இடுப்பில் கட்டும் வாரையும் கைப்பையையும் சற்று நோக்குக. கழிவை அகற்றும் கையை விலக்கிவைத்து, அக்கழிவுக்குக் காரணமான பொருளை விலைகொடுத்து வாங்கும் கையை விட்டுவைப்பது நீதியாகாது. மகனோ மகளோ ஆய்வுக்கூடத்தில் நஞ்சைக் குறைக்க உழைக்கட்டும். வீட்டிலுள்ளோர் தேவையைக் குறைத்து அவ்வுழைப்புக்குத் துணைநிற்கட்டும்.