அச்சு யாருடையது?

மகாளய அமாவாசை நெருங்கினால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நடக்க இடமிருக்காது. தசாவதாரம், கல்யாண செட், கிரிக்கெட் செட், செட்டியார் பொம்மை என்று வீதியோரம் முழுக்கக் கொலுப் பொம்மைதான். பண்ருட்டி, காஞ்சிபுரம், மதுரைப் பக்கம் விளாச்சேரி, நம்ம சென்னையிலேயே கொசப்பேட்டை என்று பல ஊர் மண் அங்கே வந்து சேர்கிறது. தி.நகர், அடையாறு வீடுகளில் பழைய பொம்மைக்குப் புது வர்ணம் தீட்டுவதும், தஞ்சாவூர் ஓவியம் கற்பதும் பலருக்குப் பொழுதுபோக்கு. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. கை பழகுவது யாருக்கும் நல்லதுதான். ஆனால் அங்கேயும் ஒரு சண்டை வரும்: "இது என் ஐடியா. அவ பார்த்து காப்பி அடிச்சிட்டா." இந்தச் சண்டைக்குள் வராத ஆள் ஒருவர் உண்டு. அந்தப் பொம்மையை வார்த்தவர்.

அவரை நடுவில் நிறுத்திக் கேட்டுப் பார்ப்போம். ஒரு வடிவத்தை, ஒரு நிறத்தை, ஒரு யோசனையை யார் சொந்தம் கொண்டாட முடியும்?

முதலில் ஒருவர் கையால் மூலப் பொம்மை ஒன்று செய்கிறார். அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி முன்னும் பின்னுமாக அச்சு எடுக்கிறார்கள். அச்சில் களிமண்ணை அழுத்தி, இரண்டு பாதியையும் ஒட்டி, காயவைத்து, சூளையில் சுட்டு, வெள்ளை அடித்து, வர்ணம் தீட்டி, கடைசியில் கண் எழுதுகிறார்கள். புது செட் ஒன்று நன்றாக விற்றால், வேறொருவர் அந்தப் பொம்மையின் மேலேயே அச்சு எடுத்துவிடலாம். மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். அதனால் அந்த அச்சில் பிறக்கிற பொம்மை தாயைவிடச் சின்னதாக இருக்கும். மூக்கு மழுங்கும், விரல் இடுக்கு அடைந்துபோகும். தொழில் தெரிந்தவர் கண்ணுக்கு இது தப்பாது. நடந்ததற்கு மண்ணே சாட்சி. அந்தச் சாட்சி கோர்ட் படி ஏறுவதில்லை, அவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? வெறும் கருத்துக்கு உரிமை கிடையாது, அதற்குக் கொடுத்த வடிவத்துக்கே உரிமை என்று 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, கலைப்படைப்பு என்றால் படைத்தவரின் ஆயுள் முழுதும், அதற்கு மேல் 60 ஆண்டும் உரிமை உண்டு. ஆனால் அதே சட்டத்தின் 15ஆம் பிரிவைப் பாருங்கள். வடிவமைப்புச் சட்டத்தில் பதியத்தக்க ஒன்றைப் பதியாமல் விட்டு, தொழில்முறையில் 50 பிரதிக்கு மேல் எடுத்துவிட்டால் பதிப்புரிமை போய்விடும். பொம்மை கலையா, சரக்கா என்று வக்கீல்கள் வாதாடிக்கொள்ளட்டும். நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கலைக்கல்லூரியில் படித்தவர் செய்தால் சிற்பம். சூளையடியில் நிற்பவர் செய்தால் சரக்கு, ஐம்பத்தோராவது பொம்மையோடு அவர் கணக்கு முடிந்தது.

தஞ்சாவூர் ஓவியத்துக்கும் தஞ்சாவூர்ப் பொம்மைக்கும் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறார்கள். நல்லது. அது ஊர்ப் பெயரைக் காக்கும். செய்தவர் பெயரைக் காக்காது.

அப்போ எல்லா வடிவத்துக்கும் பட்டா கேட்கிறாயா என்று தோழர்கள் கேட்கலாம். இல்லை. பட்டாவின் கதை நமக்குத் தெரியாததா? உழுதவன் கையில் அது எப்போது இருந்தது? யோசனைக்குப் பட்டா போட ஆரம்பித்தால் வக்கீல் வைக்க முடிந்தவன் பெயரில்தான் அது எழுதப்படும். அதோடு, சாதி என்பதே அறிவைச் சுற்றிப் போட்ட வேலி. பள்ளியில் சமஸ்கிருதம் மறுக்கப்பட்டதால் அம்பேத்கர் பாரசீகம் எடுத்துப் படித்தார். இது எங்களுடையது, நீ தொடாதே என்பதுதான் அந்த வேலியின் மொழி. அந்த மொழியை நாம் பேச முடியாது.

நம்மிடமே வேறொரு முன்மாதிரி இருக்கிறது. பி.வி. வாக் வடித்த அம்பேத்கர் வெண்கலச் சிலை 1967 ஏப்ரல் 2இல் நாடாளுமன்ற வளாகத்தில் திறக்கப்பட்டது. நீட்டிய கை, சுட்டும் விரல், இன்னொரு கையில் அரசியல் சட்டம். இன்று அந்த நிலை எந்தச் சேரிக்கும் தெரியும். சிமெண்டிலும் சுண்ணாம்புச் சாந்திலும் நீலக் கோட்டோடு நம்ம ஆளுங்க அதைச் செய்துகொண்டே இருக்கிறார்கள். யாரும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. சில ஊரில் முகம் பாபாசாகேப் மாதிரி இருக்காது, அந்த ஊர்க் கொத்தனார் மாதிரி இருக்கும். அதைப் போலி என்று யாராவது சொன்னோமா? வடிவத்துக்கு நாம் பூட்டுப் போடவில்லை. கம்பிக் கூண்டுக்குள் வைத்துச் சிலையைப் பூட்ட வேண்டிய நிலையைச் சாதி வெறியர்கள்தான் உண்டாக்கினார்கள்.

இங்கே காப்பி சரி, மாட வீதியில் தப்பு என்றால் என்ன நியாயம்? நியாயம் இருக்கிறது. சேரியில் எடுத்த பிரதி யாருடைய சோற்றிலும் கை வைக்கவில்லை. எதையும் மறைக்கவும் இல்லை. பொம்மை விஷயத்தில் வடிவம் மேலே போகிறது, பெயரும் காசும் கீழே வருவதில்லை. ஆகவே முதலில் யோசித்தது யார் என்பதைவிட, எடுத்ததனால் இழந்தது யார் என்று கேட்பதே அறம். யோசனை பொதுவில் இருக்கட்டும். கடனை மட்டும் தீர்க்க வேண்டும். அடுத்தவர் வடிவம் வேண்டுமானால் அவரிடமே அச்சை விலைக்கு வாங்கலாம். வீட்டில் வர்ணம் தீட்டுகிறவர் "வார்த்தது இன்னார், தீட்டியது நான்" என்று பீடத்தடியில் எழுதி வைக்கலாம். பேரம் பேசும்போது, முதல் பொம்மைக்கு எத்தனை நாள் ஆனது என்று ஒரு வார்த்தை கேட்கலாம்.

மண்ணைத் தொடும் குயவர் பட்டியல் சாதியில் இல்லையே, நமக்கேன் இந்த வம்பு என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உழைத்த கையை மறைப்பது எந்தச் சாதிக்கு நடந்தாலும் அது நாம் எதிர்க்கிற அதே வேலைதான். இதை நம் பக்கமும் திருப்பிக் கேட்க வேண்டும். ஊர் ஊராகச் சிலை திறக்கிறோம். கல்வெட்டில் தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், நன்கொடை கொடுத்தவர் எல்லோரும் இருக்கிறார்கள். சிலையைச் செய்தவர் பெயர் எத்தனை கல்லில் இருக்கிறது? அடுத்த சிலை திறக்கும்போது அந்த ஒரு வரியைச் சேர்ப்போம்.