விலையில்லாதது கடனில்லாததா?

கணிப்பொறியின்றிக் கணக்கெழுதும் தொழிற்கூடம் இன்று அரிது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும், திருவள்ளூரை அடுத்த காக்களூர்த் தொழிற்பேட்டையிலும் சிறுதொழில் நடத்துவோர் முன் இரு வழிகள் உள்ளன. உரிமக் கட்டணம் செலுத்தி மென்பொருள் வாங்கலாம். அல்லது லினக்ஸ், லிப்ரே ஆபிஸ் போன்ற திறந்த மூல மென்பொருளுக்கு மாறலாம். தமிழக அரசின் எல்காட் நிறுவனம் 2006-07 ஆண்டுகளிலேயே தன் அலுவலகக் கணிப்பொறிகளை லினக்ஸுக்கு மாற்றி வழிகாட்டியது.

இம்மாற்றம் வரவேற்கத்தக்கதே. கட்டணம் செலுத்த இயலாமல் திருட்டு நகலைப் பயன்படுத்தும் பழக்கத்திற்கு இது நேர்மையான மாற்று. ஆயினும், திருடாமல் இருப்பதோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா?

1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் இவ்வியக்கத்தைத் தொடங்கியபோது வலியுறுத்தியது விலையின்மையை அன்று. மென்பொருளின் உள்ளமைப்பைக் காணவும், திருத்தவும், பகிரவும் உள்ள உரிமையையே. ஆங்கிலத்தில் இவ்விரண்டுக்கும் ஒரே சொல். தமிழிலோ 'இலவசம்' வேறு, 'கட்டற்றது' வேறு. நாமோ பெரும்பாலும் முதற்சொல்லோடு நின்றுவிடுகிறோம்.

அதன் விளைவை உலகம் 2014இல் கண்டது. இணையத்தில் நம் கடவுச்சொற்களை மறைத்துக் காக்கும் ஓப்பன் எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளில் 'ஹார்ட்பிளீட்' என்ற பெருங்குறை அவ்வாண்டு ஏப்ரலில் வெளிப்பட்டது. பெருநிறுவனங்கள் பலவும் நம்பியிருந்த அம்மென்பொருளை முழுநேரமாகப் பேணியவர் ஒருவரே. அதற்கு வந்த நன்கொடையோ ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 டாலர்.

"கொடுத்தவர் விலை கேட்கவில்லையே; கொடையைக் கடனாக்கலாமா?" எனச் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. விடையை நம் மண்ணே தருகிறது. திருவள்ளூர் ஏரிகள் நிறைந்த மாவட்டம். ஏரியை வெட்டிய முன்னோர் நம்மிடம் கூலி கேட்பதில்லை. ஆனால் வண்டல் சேர்கிறது, கரை தேய்கிறது. ஆகவே நீர் பாய்ச்சுவோரே கூடித் தூர்வாரிக் கரையை உயர்த்தினர். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். அது வெட்டியவருக்குச் செலுத்திய கடன் அன்று; அடுத்துப் பாய்ச்சுவோருக்குச் செலுத்திய கடன். அம்மரபு தளர்ந்தபோது ஏரிகளும் தூர்ந்தன அன்றோ?

மென்பொருளும் அத்தகைய பொது ஏரியே. எத்தனை பேர் எடுத்தாலும் அது குறைவதில்லை, பேணாவிடில் கெடும். மிச்சமாகும் கட்டணத்தில் ஒரு பகுதியை அதைப் பேணுவோருக்கு அனுப்பலாம். கண்ட குறையை அவர்களுக்கு எழுதித் தெரிவிக்கலாம். பயன்படுத்தும் முறையைத் தமிழில் எழுதிப் பக்கத்துத் தொழிற்கூடத்திற்கும் வழங்கலாம். பணவசதியில்லாச் சிறு நிறுவனத்தாலும் இவற்றுள் ஒன்றேனும் இயலும்.

உரிமப் பத்திரம் இவற்றில் எதையும் கட்டாயமாக்குவதில்லை. சட்டம் கேளாததை நம் மனச்சான்று கேட்கிறது. அதற்கு என்ன விடை சொல்லப் போகிறோம் எனச் சிந்திப்போம்.