கொல்லைப்புறத்துக்கு ஸ்கங்க் வந்தால் துரத்தணுமா?

அமெரிக்காவில் புறநகர்ப் பக்கம் குடியிருப்பவங்களுக்கு ஸ்கங்க் தெரியாமல் இருக்காது. பூனை அளவு, கறுப்பு உடம்பு, முதுகில் வெள்ளைப் பட்டை. அறிவியல் பெயர் மெஃபைடிஸ் மெஃபைடிஸ். லத்தீனில் நாற்றம், நாற்றம்! பேர் வச்சவருக்கு ஒரு தடவை சொன்னது பத்தலை போல.

ஆனா இது எடுத்தவுடனே பீய்ச்சாது. முன்கால்களைத் தரையில் தட்டும், சீறும், வாலைத் தூக்கும். அப்பவும் நாம நகரலைன்னாதான் பீய்ச்சும்; 3 மீட்டர் வரை பாயும். தீர்ந்துபோனால் மறுபடி ஊற ஒரு வாரத்துக்கு மேல்கூட ஆகலாம், அதனால் வீணாக்காது. ஆயுதம் இருந்தும் இவ்வளவு பொறுமை, நம்ம வாட்ஸ்அப் குரூப்பில்கூட பார்க்க முடியாது.

"புழுவையும் எலியையும் தின்னுது, இருந்துட்டுப் போகட்டும்"னு சிலர் சொல்வாங்க. தின்னுறது உண்மைதான். ஆனா எனக்கு அந்த வாதம் பிடிக்கலை. அப்போ நமக்குப் பயனில்லாத உயிருக்கு இடமே கிடையாதா? வாடகை கட்டினாதான் பூமியில் இருக்கலாமா?

பொறி வச்சுப் பிடிச்சா எங்கயோ காட்டில் விட்டுடுவாங்கன்னு நினைக்கிறோம். ரேபிஸ் பயத்தால் பல மாநிலங்களில் அதுக்கு அனுமதியில்லை, கொன்றுவிடுவார்கள். மே, ஜூனில் தாய் மாட்டினால், வீட்டுத் திண்ணைப் பலகைக்கு அடியில் குட்டிகள் பட்டினி கிடந்து சாகும்.

ரேபிஸ் பயம் நியாயம்தான். நாய்க்கு ஊசி போடுங்க, குப்பைத் தொட்டியை மூடுங்க, தள்ளாடி வந்தா கிட்ட போகாம விலங்குக் கட்டுப்பாட்டுத் துறைக்குப் போன் பண்ணுங்க. மத்தபடி, இருட்டினப்புறம் ஜன்னல் வழியா பாருங்க. மூக்கால் புல்லைக் கிளறிக்கிட்டு ஆடி ஆடி நடக்கும். அவசரமே கிடையாது அதுக்கு.